தக்காளிக்கும் கஞ்சாவுக்கும் ஒரே மண்ணா? மாடித்தோட்ட மண் கலவையை அடியிலேர்ந்து புரிஞ்சுக்கலாம்

இந்த எபிசோட் தலைப்பை ஸ்டேட்டஸ்ல போட்டதுமே ரெண்டு பேர் "டேய், என்னடா பண்ற?"னு மெசேஜ் அனுப்பிட்டாங்க. பயப்படாதீங்க, எங்க மாடியில இருக்கிறது தக்காளிதான். நம்ம நாட்டுல அனுமதி இல்லாம கஞ்சாச் செடி வளர்க்கிறது குற்றம். 1985-ல வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துல அதுக்கு 10 வருஷம் வரைக்கும் கடுங்காவல் தண்டனை இருக்கு. ஒரு செடியா இருந்தாலும் "சும்மா அழகுக்கு வெச்சேன்"னு சொல்லித் தப்பிக்க முடியாது. அதை முதல்லயே சொல்லிடறேன்.

அப்புறம் ஏன் இந்தத் தலைப்பு? 2023 ஜூலையில தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டுச்சு, ஞாபகம் இருக்கா? சென்னையில ரேஷன் கடையிலேயே கிலோ 60 ரூபாய்னு வித்தாங்க. அப்பதான் நானும் "நம்ம மாடியிலேயே போட்டா என்ன?"னு ஆரம்பிச்சேன். தொட்டியில ஆர்கானிக் தக்காளிக்கு என்ன மண்ணுனு இங்கிலீஷ்ல தேடினா, நல்ல விளக்கமா இருக்கிற பாதி விஷயம் அமெரிக்காவுல, அதுவும் ஓரிகன், கலிஃபோர்னியா பக்கம் கஞ்சா வளர்க்கிறவங்க சொன்னதா இருந்துச்சு. கீழே ஒரு வரி: "தக்காளிக்கும் இதே கலவை அருமையா வேலை செய்யும்." நான் அதை அப்படியே எடுத்துக் கலந்தேன். 12 பை. நாலாவது நாள் 12 நாத்தும் செத்துப்போச்சு.

கலவை தப்பில்லை. நான் எங்க தப்பு பண்ணேன்னு புரிய ஒரு வருஷம் ஆச்சு. அதைத்தான் இன்னிக்குப் பேசப் போறோம்.

இந்த ரெசிப்பி எங்கேருந்து வந்துச்சு?

1930-கள் வரைக்கும் இங்கிலாந்துல தோட்டக்காரங்க ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு மண் கலவை வெச்சிருந்தாங்க. லண்டன் பக்கத்துல மெர்ட்டன்ல இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்துல லாரன்ஸ், நியூவெல்னு ரெண்டு பேர் இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. தொட்டியில வளர்ற பெரும்பாலான செடிகளுக்கு ஒரே அடிப்படைக் கலவை போதும்னு காட்டினாங்க. வண்டல் மண் 7 பங்கு, பீட் மாஸ் 3 பங்கு, மணல் 2 பங்கு. செடியோட பசியைப் பொறுத்து உரத்தோட அளவை மட்டும் ஒரு மடங்கு, ரெண்டு மடங்கு, மூணு மடங்குனு ஏத்தினாங்க. அந்த 1, 2, 3 நம்பர் கலவைகள் இன்னிக்கும் அங்க கடையில கிடைக்குது.

அடுத்து 1960-கள்ல அமெரிக்காவோட கார்னெல் பல்கலைக்கழகத்துல பூட்லி, ஷெல்ட்ரேக்னு ரெண்டு பேர் மண்ணையே எடுத்துட்டாங்க. பீட் மாஸ், கூடவே வெர்மிகுலைட் இல்லன்னா பெர்லைட், கொஞ்சம் சுண்ணாம்பு, உரம். எடை கம்மி, எப்பக் கலந்தாலும் ஒரே தரம்.

நான் காப்பி அடிச்ச ஓரிகன் கலவை இந்த வழியில வந்ததுதான். பீட் மாஸ் ஒரு பங்கு, காத்தோட்டத்துக்குப் பொறையுள்ள பொருள் ஒரு பங்கு, நல்ல கம்போஸ்ட் ஒரு பங்கு. இதுல ஒரு கன அடிக்கு, அதாவது சுமார் 28 லிட்டருக்கு, வேப்பம்புண்ணாக்கு, கடற்பாசித் தூள், நண்டு ஓட்டுத் தூள் எல்லாம் அரை அரை கப். அதோட பாறைத் தூள், சுண்ணாம்பு. கஞ்சா ரொம்ப நாள் தடைசெய்யப்பட்ட பயிரா இருந்ததால அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அந்தப் பக்கம் அதிகம் போகலை. வளர்க்கிறவங்களே மண்ணை லேபுக்கு அனுப்பி, எழுதிவெச்சு, ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டாங்க. அதான் அவ்வளவு விவரம்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. வேப்பம்புண்ணாக்கு இந்தியாவுலேருந்து அங்க போகுது. பீட் மாஸுக்குப் பதிலா இப்ப நிறைய பேர் போடுற தேங்காய் நார்த்தூள் பொள்ளாச்சிப் பக்கத்துலேருந்தும் போகுது. நம்ம பொருளை வெச்சு அவங்க பண்ணின ரெசிப்பியை நான் மொபைல்ல பார்த்துத் திரும்ப இங்க கொண்டுவந்திருக்கேன்.

ஏன் ரெண்டு செடிக்கும் ஒத்துப்போகுது?

ரெண்டும் சில மாசத்துல ஆள் உயரம் வளர்ற செடி. வேகமா வளர்றதால பசி அதிகம். சின்ன வயசுல தழைச்சத்து வேணும், பூ வந்தப்புறம் சாம்பல்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் நிறைய வேணும். ரெண்டுக்கும் லேசான புளிப்புத்தன்மை, அதாவது பி.எச். 6-லேருந்து 6.8 வரைக்கும் பிடிக்கும். வேர் தண்ணியில ஊறினா ரெண்டுக்கும் ஆகாது. லாரன்ஸும் நியூவெல்லும் சொன்ன அதே விஷயம்தான்: அடிப்படை ஒண்ணு, பசிக்கு ஏத்த சாப்பாடு. அந்தக் கணக்குல கத்தரி, மிளகாய்க்கும் இதே கலவை போதும். கீரைக்கு இவ்வளவு சாப்பாடு தேவையில்லை.

முதல் தப்பு: காத்திருக்கலை

என் நாத்து ஏன் செத்துச்சு? ரெசிப்பியோட கடைசியில "நாலு முதல் ஆறு வாரம் ஈரமா வைக்கவும்"னு ஒரு வரி இருந்துச்சு. சாய்ஸ்ல விடுற மாதிரி விட்டுட்டேன். அதுவும் போதாதுன்னு "ஆர்கானிக்தானே, என்ன ஆகப்போகுது"னு கடலைப் புண்ணாக்கை வேற ரெண்டு கை சேர்த்துப் போட்டேன்.

புண்ணாக்குல இருக்கிறது புரதம். செடியோட வேர் அதை அப்படியே எடுத்துக்காது. முதல்ல நுண்ணுயிரிகள் அதை உடைச்சு அமோனியா ஆக்கும். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், வேற ஒண்ணு அதை நைட்ரேட் ஆக்கும். செடி விரும்பி எடுக்கிறது அந்தக் கடைசி வடிவத்தை. நடுவுல இருக்கிற அமோனியா இளம் வேரைக் கருக்கிடும். குவியல் சூடாவும் ஆகும். நான் நாத்தை நட்டது சரியா அந்த நடுவுல. பையில மூக்கை வெச்சா கண்ணு எரிஞ்சுச்சு. அதைப் பார்த்தும் எனக்குப் புரியலை.

அந்த 12 பையையும் மாடி மூலையில தள்ளிட்டேன். மூட்டை மூட்டையா மூணு மாடி ஏத்தினது அப்பா. அவர் ஒண்ணும் சொல்லலை, அதுதான் கஷ்டமா இருந்துச்சு. அம்மா மட்டும் செடிக்குத் தண்ணி ஊத்துறப்போ அந்தப் பைகளுக்கும் ஒரு சொம்பு ஊத்திட்டு வந்தாங்க. ரெண்டு மாசம் கழிச்சு அதுல ஒரு பையில, மண்புழு உரத்தோட வந்த விதையோ என்னவோ, தானா ஒரு தக்காளி முளைச்சுச்சு. நான் வளர்த்த எதையும்விட அது நல்லா வந்துச்சு. "மண்ணு நல்லாத்தான்டா இருக்கு. உனக்குத்தான் பொறுமை இல்லை"னு அம்மா சொன்னாங்க. கலவையில நான் போடாம விட்ட ஒரே பொருள் நேரம்.

ரெண்டாவது தப்பு: ஊரைப் பார்க்கலை

அடுத்த சீசன்ல ஒரு மாசம் காத்திருந்து நட்டேன். செடி பிழைச்சுச்சு. ஆனா புது இலையெல்லாம் மஞ்சளாச்சு, நரம்பு மட்டும் பச்சையா இருந்துச்சு. இது இரும்புச்சத்து கிடைக்காததோட அடையாளம். மண்ணுல இரும்பு இருக்கும், ஆனா பி.எச். 7.5-ஐத் தாண்டினா அது கரையாது, வேரால எடுக்க முடியாது.

ஏன் ஏறுச்சு? ரெசிப்பியில சுண்ணாம்பு எதுக்குப் போட்டாங்கன்னு நான் யோசிக்கவே இல்லை. பீட் மாஸ் ரொம்பப் புளிப்பு, பி.எச். 3.5-லேருந்து 4.5 வரைக்கும் இருக்கும். அதை மேல ஏத்தத்தான் சுண்ணாம்பு. நான் போட்டது தேங்காய் நார்த்தூள். அதோட பி.எச். ஏற்கெனவே 5.5-லேருந்து 6.8. அங்க மருந்தா இருந்தது இங்க தேவையே இல்லை. அதுக்கு மேல எங்க வீட்டு போர் தண்ணி. பக்கெட் அடியில வெள்ளையா உப்பு படியுதில்ல, அந்தக் கடினத் தண்ணியில பைகார்பனேட் இருக்கு. தினமும் அதை ஊத்துறது கொஞ்சம் கொஞ்சமா சுண்ணாம்பு போடுற மாதிரிதான்.

அதனால இப்ப சுண்ணாம்பு போடறதில்லை. கால்சியத்துக்கு ஜிப்சம் போடறேன். ஜிப்சம் கால்சியம் சல்பேட், அது பி.எச்.-ஐ ஏத்தாது. இதே காரணத்துக்காக அடுப்புச் சாம்பலையும் தொடறதில்லை. மழைத் தண்ணி கிடைச்சா டிரம்ல பிடிச்சு வெச்சுக்கறேன்.

நார்த்தூள்ல இன்னொரு சிக்கலும் இருக்கு. அதுல சோடியமும் பொட்டாசியமும் நிறைய ஒட்டியிருக்கும். கழுவாமப் போட்டா, அதை விட்டுட்டு நம்ம போடுற கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடிச்சுக்கும், செடிக்குக் கிடைக்காது. கட்டி வாங்கும்போதே உப்பு குறைவானதான்னு கேட்டு வாங்குங்க. வாங்கினதை மூணு தடவையாவது ஊறவெச்சுப் பிழியுங்க. வீட்டுல தண்ணி ஃபில்டர் பார்க்கிற டி.டி.எஸ். மீட்டர் இருந்தா, ஊத்தின தண்ணியையும் பிழிஞ்ச தண்ணியையும் அளந்து பாருங்க. ரெண்டு நம்பரும் பக்கத்துல வந்தா போதும்.

மூணாவது தப்பு: அடியில ஜல்லி

"தொட்டி அடியில ஜல்லி போட்டா தண்ணி நல்லா வடியும்." எல்லாரும் சொல்றாங்க, நானும் போட்டேன். வடியாது.

பாத்திரம் தேய்க்கிற புது ஸ்பாஞ்ச் ஒண்ணை முழுக்க நனைச்சுப் படுக்கவாட்டுல பிடிங்க. சொட்டுறது நிக்கும். இப்ப அதையே செங்குத்தா நிமிர்த்துங்க. மறுபடி தண்ணி சொட்டும். ஸ்பாஞ்ச் மாறலை, உயரம்தான் மாறுச்சு. எந்த மண்ணுலயும் அடியில கொஞ்ச உயரத்துக்குத் தண்ணி வடியாம நிக்கும். அந்த உயரம் துகளோட அளவைப் பொறுத்தது. அடியில ஜல்லி போட்டா, அந்த ஈர அடுக்கு ஜல்லிக்கு மேல போய் உக்காந்துக்கும். மண்ணோட உயரத்தை நாமளே குறைச்சு, வேரை அந்த ஈரத்துக்குப் பக்கத்துல கொண்டுவந்து விடறோம்.

இதுக்குத் தீர்வு கலவை முழுக்கப் பெரிய துளைகள் இருக்கிறதுதான். அதுக்குத்தான் மூணுல ஒரு பங்கு காத்தோட்டப் பொருள். அமெரிக்காவுல பெர்லைட்டுக்குப் பதிலா புழுங்கல் நெல் உமியைப் போடுறாங்க. வெந்த நெல்லோட உமிங்கிறதால உள்ள மாட்டிக்கிட்ட நெல் முளைக்காது. இது நம்ம ஊர்ல எந்த அரிசி ஆலையிலயும் மூட்டையா கிடைக்கும். ஒரு வருஷத்துக்கு மேல மெதுவாத்தான் மக்கும். கூட கொஞ்சம் உடைச்ச செங்கல். அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை பையை விடாம நனைக்கிறப்போ தக்காளியைக் காப்பாத்துறது இந்தத் துளைகள்தான்.

இப்ப நான் கலக்குற கலவை

எடை பார்க்க வேண்டாம், 10 லிட்டர் பக்கெட் போதும். 10 பக்கெட், 100 லிட்டர். 12 அங்குல விட்டமும் 12 அங்குல உயரமும் உள்ள பை முழுசா சுமார் 22 லிட்டர் பிடிக்கும், மேல கொஞ்சம் இடம் விட்டா 20. ஆக, 5 பை. ஒரு பைக்கு ஒரு செடிதான்.

கழுவின நார்த்தூள் 3 பக்கெட்.
மண்புழு உரம், இல்லன்னா நல்லா மக்கின மாட்டு எரு 3 பக்கெட்.
புழுங்கல் நெல் உமி 2 பக்கெட், பட்டாணி அளவுக்கு உடைச்ச செங்கல் 1 பக்கெட்.
செம்மண் 1 பக்கெட்.

இது உடம்பு. சாப்பாட்டுக்கு வேப்பம்புண்ணாக்கு 300 கிராம், எலும்புத் தூள் 200 கிராம், ஜிப்சம் 200 கிராம், கிடைச்சா கடற்பாசிக் குருணை 200 கிராம். கடலைப் புண்ணாக்கு இதுல கிடையாது.

செம்மண் ஏன் ஒரே ஒரு பக்கெட்? களிமண் துகள் சத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், அதுக்கு அவ்வளவு போதும். வெறும் செம்மண்ணை ஒரு பையில நிரப்பி நனைச்சா 30 கிலோவைத் தாண்டும். இந்தக் கலவைன்னா அதுல பாதிதான் வரும். மாடி தளத்துக்கு நல்லது, அப்பாவோட முதுகுக்கும் நல்லது.

எல்லாத்தையும் தார்ப்பாய்ல கொட்டிப் புரட்டுங்க. கையில பிடிச்சு அழுத்தினா உருண்டையா நிக்கணும், விரலால தட்டினா உதிரணும். சொட்டுச் சொட்டா தண்ணி வந்தா ஈரம் அதிகம். குவிச்சு, நனைச்ச சாக்கால மூடுங்க. பிளாஸ்டிக்கால இறுக்கி மூடாதீங்க, அந்த பாக்டீரியாவுக்குக் காத்து வேணும். வாரம் ஒரு தடவை புரட்டுங்க. நாலு அஞ்சு வாரம்.

இந்தக் காத்திருப்பு தாங்காதவங்களுக்கு ஒரு வழி சொல்றேன். குழித்தட்டுல தக்காளி விதை போட்டு, நாத்து நடுற அளவுக்கு வர எப்படியும் 25, 30 நாள் ஆகும். விதை போடுற அன்னிக்கே மண்ணையும் கலந்திடுங்க. ரெண்டும் ஒண்ணா தயாராகும், தனியா காத்திருக்கிற மாதிரியே இருக்காது. சென்னைக்கு ஆகஸ்ட் ஆரம்பத்துல இதைப் பண்ணிட்டா செப்டம்பர்ல நடலாம். நம்ம ஊர் வெயில் காலத்துல ராத்திரியும் சூடு இறங்காததால பூ கொட்டிடும், அதனால காய் பிடிக்கிறது குளிர் மாசங்கள்ல வர்ற மாதிரி பார்த்துக்கணும். ரகம்னா, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியோட பி.கே.எம். 1 விதையிலேருந்து ஆரம்பிக்கலாம்.

மண் தயாரான்னு எப்படித் தெரியும்?

முதல்ல கை. குவியலுக்குள்ள விட்டா வெளியில இருக்கிற அதே சூடுதான் இருக்கணும். அடுத்தது மூக்கு. அமோனியா நெடி போய், முதல் மழை பெஞ்ச மண்ணு வாசனை வரணும். மூணாவது, நான் இப்ப எப்பவுமே பண்றது: ஒரு டீ கப்ல மண்ணைப் போட்டு 10 கடுகு விதைங்க. இன்னொரு கப்ல பழைய தொட்டி மண்ணுல 10 கடுகு. ஒரு வாரத்துல ரெண்டும் ஒரே மாதிரி முளைச்சு, வேர் நுனி வெள்ளையா இருந்தா நடலாம். புது மண்ணுல முளைப்பு கம்மியாவோ நுனி கருகியோ இருந்தா இன்னும் ஒரு வாரம் விடுங்க. பத்து கடுகு போனா போகட்டும், 12 நாத்து போக வேண்டாம்.

நட்டதுக்கு அப்புறம்

காயோட அடிப்பக்கம் கறுத்து அழுகினா உடனே "கால்சியம் பத்தலை"னு முட்டை ஓடு போடுவோம். முட்டை ஓடு மக்கறதுக்குள்ள சீசன் முடிஞ்சிடும். பெரும்பாலும் மண்ணுல கால்சியம் இருக்கும், போய்ச் சேராது. கால்சியம் தண்ணியோட சேர்ந்துதான் பயணம் பண்ணும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் குடம் குடமா ஊத்தினா, இலைக்குப் போற அளவு காய்க்குப் போகாது. தினமும் ஒரே அளவு தண்ணி, மேல காஞ்ச இலை மூடாக்கு. எனக்கு இதுலயே சரியாயிடுச்சு.

பூ வந்ததும் 15 நாளைக்கு ஒரு தடவை ஒரு பைக்கு ரெண்டு கை மண்புழு உரம் மேலாகப் போட்டுக் கிளறி விடறேன். சீசன் முடிஞ்சா மண்ணைத் தூக்கிப் போடாதீங்க. வேரைப் பிடுங்கிப் பாருங்க. முடிச்சு முடிச்சா இருந்தா நூற்புழு, அந்த மண்ணுல மறுபடி தக்காளி வேண்டாம். சுத்தமா இருந்தா ஒரு பங்கு புது உரமும் பாதி அளவு வேப்பம்புண்ணாக்கும் சேர்த்து, மறுபடி ஒரு மாசம் விட்டு, கீரையோ அவரையோ போடுங்க. தக்காளி, கத்தரி, மிளகாய் மூணும் ஒரே குடும்பம், ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு போட்டா அதே நோய் தொடரும்.

ஒரு ரெசிப்பி கைக்கு வந்தா இப்பல்லாம் நான் பொருள் பட்டியலை கடைசியாத்தான் பார்க்கிறேன். முதல்ல இந்தப் பொருள் எதுக்குப் போட்டாங்க, அந்தப் பிரச்சினை என் மாடியில இருக்கா, இதுக்கு எத்தனை நாள் வேணும்னு கேக்கறேன். ஓரிகன்காரர் தப்பா எதுவும் சொல்லலை. அவர் அவரோட ஊருக்குச் சொன்னார்.

இந்த வருஷம் எங்க மாடியில 5 பைதான். வாரத்துக்கு ஒரு ரசத்துக்கும் ஒரு சட்னிக்கும் வருது. விலை ஏறினா கடைக்குப் போகாம இருக்கிற அளவுக்கெல்லாம் இல்லை. ஆனா முதல் பழத்தை அப்பாதான் பறிச்சார். மூணு மாடி மூட்டை தூக்கின கணக்கு நேராச்சு.

நீங்க மண்ணு கலந்தா, அந்தக் கடுகு கப்போட போட்டோவை அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.